ஜெபிக்கிறோம் என்று சொன்னவர்கள்

திருச்சபையாராகிய நாம் ஒருவருக்கொருவர் கொடுத்துவிட்டு நிறைவேற்றாமல் போன வாக்குகளில், 'உங்களுக்காக ஜெபிச்சுக்கிறோம்' என்பதுதான் முதலில் நிற்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்கிறோம். துக்க வீட்டுப் பந்தலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறோம். கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் போகிற வழியில் ஒருவர் கையைப் பிடித்து, மகனுக்கு வேலை போய்விட்டது என்கிறார். அந்தக் கையிலிருந்து நம் கையை விடுவித்துக்கொள்ள இந்தச் சொல்தான் உதவுகிறது. சொல்லும்போது அது பொய்யாகத் தோன்றுவதில்லை, மனதாரத்தான் சொல்கிறோம். ஆனால் கை கழுவி வருவதற்குள் அந்த மகனின் பெயர் மறந்துவிடுகிறது. பெயரைக் கேட்காமலே வந்துவிட்டதும் உண்டு.

லெந்து நாட்களில் நாம் பாவ அறிக்கை செய்யாமல் இல்லை. கோபத்தை, இச்சையை, பண ஆசையை, ஓய்வுநாளை அசட்டை செய்ததை எல்லாம் முழங்காலில் நின்று சொல்கிறோம். பிறருக்காக மன்றாடாமல் விட்டதை அந்த வரிசையில் வைத்து, இதுவும் பாவம்தான் என்று துக்கத்தோடு சொல்லி நம் சபைகளில் எப்போது கேட்டோம்? அதை ஒரு குறைபாடு என்கிறோம். 'ஜெப ஜீவியத்தில் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறேன்' என்று, உடம்புக்கு முடியவில்லை என்பதுபோல் சொல்லி முடித்துவிடுகிறோம்.

சாமுவேல் அப்படிச் சொல்லவில்லை. அவர் தலை நரைத்த பிறகு ஜனங்கள் அவரை வேண்டாம் என்று சொல்லி ராஜாவைக் கேட்டு வாங்கினார்கள். கில்காலில் அவர்கள் முன் நின்று அவர் விடைபெறும் பகுதி ஒன்று சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தன்னைத் தள்ளியவர்களுக்காக இனி ஜெபிக்காமல் ஒதுங்கிக்கொள்ள அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அப்படி ஒதுங்கினால் அது கர்த்தருக்கு விரோதமான பாவமாகும், அது தனக்குத் தூரமாயிருக்கட்டும் என்கிற பொருளில் பேசுகிறார். ஜனங்களுக்கு இழைக்கும் குறை என்று அவர் சொல்லவில்லை, கர்த்தருக்கு விரோதமான பாவம் என்றார். 'மறந்துபோச்சு' என்று நாம் தள்ளிவிடுகிற காரியத்தை அந்தத் தீர்க்கதரிசி வைத்த இடம் அது.

நம் கோயில்கள் பலவற்றில் வாசலுக்கு அருகே, காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு ஜெபப் பெட்டி இருக்கும். மேலே நீளமாக ஒரு வெட்டு, பக்கவாட்டில் சின்னப் பூட்டு. அதற்குள் விழும் காகிதங்களை ஒருமுறை உட்கார்ந்து வாசிக்க வேண்டும். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள், காணிக்கைக் கவரின் பின்பக்கம், பஸ் டிக்கெட், மருந்துக்கடை ரசீது. 'மகளுக்கு திங்கள்கிழமை ஸ்கேன்.' 'வீட்டுக்காரர் குடியை நிறுத்தணும்.' 'அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு இல்லை.' 'வட்டி கட்ட முடியல.' கீழே பெயர் எழுதி, பிறகு யோசித்து அதை அடித்திருப்பார்கள். தெரிந்த கையெழுத்தாகிவிடக் கூடாதென்று சிலர் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பார்கள். இதை எழுதிப் போட ஒரு மனுஷி வெட்கத்தோடு எத்தனை தடவை அந்தப் பெட்டியைக் கடந்து போயிருப்பாள்!

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து நாம் என்ன செய்கிறோம்? நேரமாகிவிட்டது என்று காகிதங்களை மொத்தமாக மேஜைமேல் குவிக்கிறோம். நடத்துகிறவர் குவியல்மேல் கையை வைத்து, இவற்றில் எழுதியிருக்கும் எல்லாத் தேவைகளையும் ஆண்டவர் அறிவார் என்று சொல்லி ஜெபித்து முடிக்கிறார். எல்லாரும் ஆமென் சொல்கிறோம். அவர் அறிவார், அதில் சந்தேகமில்லை. ஆண்டவருக்குத் தெரியாது என்று நினைத்து அவர்கள் எழுதவில்லையே! சபைக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதினார்கள். தன் பாரத்தைத் தனியாகச் சுமக்க முடியாமல், கூட ஒருவர் பிடிக்கட்டும் என்று நீட்டிய கை அந்தத் துண்டுக் காகிதம். அதை விரித்துக்கூடப் பார்க்காமல் ஆண்டவரிடம் தள்ளிவிட்டோம்.

தேவன் எல்லாம் அறிந்தவர், பிறகு பெயர் சொல்லி எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. நாம் கேட்கும்முன்பே நம் தேவையைப் பிதா அறிவார் என்று சொன்ன இயேசு, அதற்கு அடுத்தபடியாகவே ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார். சோதனைக்குப் போகவிருந்த சீமோனைப் பெயர் சொல்லி அழைத்து, உனக்காக வேண்டிக்கொண்டேன் என்று அவனிடமே சொன்னார். பவுலோடு இருந்த எப்பாப்பிரா என்ற கொலோசெ ஊர்க்காரரைப் பற்றி அந்த ஊர் சபைக்கு எழுதிய நிருபத்தின் கடைசியில் இரண்டே வசனம்தான் இருக்கிறது. அவர் பெரிய பிரசங்கியார் என்று பவுல் எழுதவில்லை. தன் ஊர் சபைக்காகவும், பக்கத்து ஊர்களான லவோதிக்கேயா, எராப்போலி சபைகளுக்காகவும் ஜெபத்தில் ஓயாமல் போராடுகிறவர் என்று சாட்சி கொடுக்கிறார். பிலேமோனுக்கு எழுதியதைப் பார்த்தால் எப்பாப்பிராவும் காவலில் இருந்தவர். ஊருக்குப் போக முடியாதவர் தன் ஊரை இப்படிச் சுமந்தார். எங்கும் போய்வர முடிகிற நமக்கு அடுத்த ஊர் சபையின் ஆயர் பெயர் தெரியாது.

பிறருக்காக ஜெபிப்பதற்கு முதலில் பிறரைப் பற்றிக் கேட்டறிய வேண்டும். இதை நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு காட்டுகிறது. 1706 ஜூலை 9-ஆம் தேதி மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள் மாதக்கணக்கில் கப்பலில் பயணித்து ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போயின. அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அவற்றை 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார். தரங்கம்பாடியில் யார் ஞானஸ்நானம் பெற்றார், யாரை வீட்டார் தள்ளிவைத்தார்கள் என்றெல்லாம் எங்கோ ஒரு ஜெர்மன் கிராமத்தில் விளக்கு வெளிச்சத்தில் வாசித்து ஜெபித்தார்கள். பிராங்கேயின் பள்ளியில் அப்போது படித்துக்கொண்டிருந்த சின்சன்டார்ப் என்ற பையன், பிராங்கேயின் பந்தியில் இந்தச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவன்.

பிரபுக் குலத்தில் பிறந்த அந்தப் பையன் வளர்ந்த பிறகு, மொராவியாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்குத் தன் நிலத்தில் இடம் கொடுத்தார். ஹெர்ன்ஹூட் என்ற அந்தக் குடியிருப்பில் முதலில் நடந்தது ஜெபம் அல்ல, சண்டை. உபதேசத்தின் பெயரால் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். 1727-ல் ஒப்புரவானார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் 24 ஆண்களும் 24 பெண்களும் நாளின் 24 மணி நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டு மற்றவர்களுக்காக மன்றாடத் தொடங்கினார்கள். நூறாண்டுகளுக்கு மேல் அந்த முறை நிற்கவில்லை. வாரம் ஒருமுறை அவர்கள் கூடி, வந்த கடிதங்களையும் தேவைகளையும் வாசித்துக் கேட்டுக்கொள்வார்களாம். ஐந்தே ஆண்டில், 1732-ல், கரீபியக் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் அவர்களில் இருவர் போனார்கள். 1760-ல் அந்தச் சபையார் நம் தரங்கம்பாடிக்கே வந்தார்கள். தமிழ் மண்ணிலிருந்து போன செய்தியும் சேர்ந்து வளர்த்த ஜெபம், இப்படித் தமிழ் மண்ணுக்கே திரும்பி வந்தது.

மாதக்கணக்கில் காத்திருந்து வந்த ஒரு கடிதத்தை அவர்கள் வாசித்து, மணிக்கணக்காய் ஜெபித்தார்கள். நமக்கு ஒரு நிமிஷத்தில் செய்தி வந்துவிடுகிறது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் 'ஐசியூவில் சேர்த்திருக்கிறோம், ஜெபியுங்கள்' என்று ஒரு மகன் போடுகிறான். அதன்கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுகின்றன. நாற்பது பேர் கையைக் கூப்பிய படத்தை அனுப்பினோம். அதில் எத்தனை பேர் அலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே கண்மூடி அந்தத் தகப்பனின் பெயரைச் சொன்னோம்? மறுநாள் எத்தனை பேர் அந்த மகனைக் கூப்பிட்டு, அப்பா எப்படி இருக்கார் தம்பி என்று கேட்டோம்?

குடும்ப ஜெபத்தைப் பற்றி நீளமாக எழுத மனம் வரவில்லை. அது விழுந்துபோனது எல்லாருக்கும் தெரியும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் 1799-ல் முதலூர் உண்டானது முதல் எழும்பிய கிறிஸ்தவ ஊர்களில், உபதேசியார் மணி அடித்துக் காலையும் மாலையும் ஊரைக் கூட்டி ஜெபம் நடத்துவது வழக்கமாக இருந்தது. வயலுக்கும் பனைக்கும் போகிறவர்கள் அதற்கு வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரனின் காய்ச்சல் ஊர் முழுவதன் ஜெபக்குறிப்பாக இருந்தது. மணி நின்றபோது ஊர் ஜெபம் வீட்டு ஜெபமாகச் சுருங்கியது. வீட்டு ஜெபத்தில் சீரியல் நேரம் நுழைந்தபோது அது தனி ஜெபமானது. தனி ஜெபத்தில் நாம் யாருக்காக ஜெபிக்கிறோம் என்பது நமக்குத் தெரியும். பிள்ளைக்கு மார்க், மருமகனுக்கு விசா, நமக்குச் சுகம், வீட்டு லோன். இவற்றைக் கேட்பது தப்பில்லை. அன்றன்றுள்ள அப்பத்தைக் கேட்கச் சொன்னவரே ஆண்டவர்தான். நம் கூரைக்கு வெளியே இருக்கும் எவர் பெயரும் ஒரு வாரம் முழுக்க நம் நாவில் வரவில்லை என்பதே குற்றம்.

ஆண்களாகிய நாம் இதில் இன்னும் அதிகமாய்த் தவறியிருக்கிறோம். ஜெபத்தைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டோம். பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது, பாட்டிமார் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சேகரக் கமிட்டியையும் தேர்தலையும் கட்டட நிதியையும் நாம் எடுத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். மூட்டுவலியோடு பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் வயதான அம்மாமார். முழங்காலிட முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு ஊரில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மறைந்தால் அந்தப் பெயர்ப் பட்டியலும் அவளோடு போய்விடுகிறது. அதை வாங்கிக்கொள்ள நாம் ஒருவரும் பக்கத்தில் போய் உட்காரவில்லை. இது அவர்களுக்கு மட்டும் வந்த அழைப்பு என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? பேதுரு சிறையில் இருந்த இரவில், மாற்கு என்னப்பட்ட யோவானின் தாய் மரியாளின் வீட்டில் அநேகர் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்க வந்த ரோதை என்ற வேலைக்காரப் பெண்ணும் அந்த இரவில் விழித்திருந்தாள்.

ஜெபத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் நமக்கு வந்துவிட்டது. ஒரு எண்ணுக்கு அழைத்துத் தேவையைச் சொன்னால், முகம் தெரியாத ஒருவர் ஜெபிக்கிறார். அந்த ஊழியர்களை நான் குறைசொல்லவில்லை, நள்ளிரவில் அழுகிறவர்களுக்கு அந்தக் குரல் ஆறுதல். நம் சபையில், நம் பெஞ்சில், நமக்குப் பக்கத்தில் உட்காரும் ஒருத்தி ஏன் அந்த எண்ணைத் தேட வேண்டியதாயிற்று என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். நம்மிடம் சொன்னால் அது ஊர்ப்பேச்சாகும் என்று அவள் பயந்திருக்கிறாள். அந்தப் பயத்துக்கு நாம்தான் காரணம். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் எத்தனை வீட்டு ரகசியங்களை வெளியே கொண்டுபோயிருக்கிறோம்!

இன்னொன்று, நம் ஜெபத்துக்கு ஆயுசு குறைவு. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களில் குண்டு வெடித்தது. மட்டக்களப்பு சீயோன் சபையில் மாண்டவர்களில் ஓய்வுநாள் பள்ளி முடித்து வெளியே வந்து நின்ற தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த வாரம் நாம் மெழுகுவர்த்தி ஏற்றினோம், அழுது ஜெபித்தோம். அடுத்த ஆண்டு ஈஸ்டருக்குப் பொதுமுடக்கத்தில் நம் கோயில்களே பூட்டியிருந்தன. அதற்கு அடுத்த ஈஸ்டரில் எத்தனை சபைகளில் சீயோன் சபையின் பெயர் சொல்லப்பட்டது? 2023 மே 3-ஆம் தேதி மணிப்பூரில் கலவரம் மூண்டபோதும் அப்படித்தான். கறுப்புத் துணி கட்டினோம், அமைதிப் பேரணி போனோம், மன்றாட்டில் சேர்த்தோம். 200-க்கும் மேற்பட்டோர் மாண்டு, 60,000 பேர் அளவில் வீட்டைவிட்டு ஓடி, இரு தரப்பாரின் ஆலயங்களும் எரிந்த காரியம் அது. செய்தித்தாளின் முதல் பக்கத்திலிருந்து அது இறங்கியதும் நம் மன்றாட்டிலிருந்தும் இறங்கிவிட்டது. முகாம்களில் இருந்தவர்கள் முகாம்களில்தான் இருந்தார்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதைப் பத்திரிகைகள் தீர்மானிக்க விட்டுவிட்டோம்.

கிட்டத்தில் இருக்கிறவர்களை மறந்ததோ இதைவிட மோசம். நம் வீட்டு ஜெபக்கூட்ட அட்டவணையை எடுத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு வீடு என்று தெருத்தெருவாகப் போகிறது. எந்தத் தெருவுக்கு அது போவதேயில்லை? அந்தத் தெருவில் இருப்பவர்களும் நம் சபையின் சந்தா கட்டுகிறவர்கள்தான், அதே ராப்போஜனத்தில் பங்கு பெறுகிறவர்கள்தான். 'அங்க இடவசதி இல்ல' என்கிறோம். அங்கே தண்ணீர் வாங்கிக் குடிக்க நம்மில் சிலர் தயாராயில்லை என்பதுதான் உண்மை. சாதி வேறுபாட்டைச் சபை உடனடியாகவும் முற்றிலுமாகவும் விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியது 1833-ல். இருநூறு ஆண்டு நெருங்குகிறது. சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்திலேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதற்கு நாம் ஒருநாளும் கீழ்ப்படியவில்லை. காணிக்கையை வைத்தோம், ஜெபத்தையும் வைத்தோம். ஆனால் ஒப்புரவாகப் போகவில்லை. அந்தத் தெருவில் நாம் முழங்காலிடாத வரை, எந்தத் தெருவில் முழங்காலிட்டாலும் அது தேவனுக்கு முன்பாக என்னவாக இருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஜெபத்தைச் செய்கைக்குப் பதிலாக வைத்ததையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். நெகேமியாவின் முதல் அதிகாரத்தை நாம் உபவாச ஜெபத்துக்கு அடிக்கடி வாசிக்கிறோம். யூதாவிலிருந்து வந்த தன் சகோதரன் ஆனானியிடம் அவர் முதலில் விசாரிக்கிறார். பிறகுதான் அழுகிறார். நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம் என்று தன்னையும் சேர்த்து அறிக்கையிடுகிறார். கிஸ்லேயு மாதத்தில் தொடங்கி நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம் அதைச் சுமக்கிறார். அதன்பின் ராஜாவிடம் விடுமுறை கேட்டு, மரமும் கடிதமும் வாங்கிக்கொண்டு தானே புறப்பட்டுப் போகிறார். அழுத இடத்தோடு நாம் வேதத்தை மூடிவிடுகிறோம். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ல், தர்மசங்கம் தொடங்கப்பட்டது. விசுவாசத்தினிமித்தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தினார்கள். ஏழைச் சபையார் பணம் போட்டு நிலம் வாங்கினார்கள்! அவர்கள் கட்டிய ஊர்களில் பிறந்த நாம், வாடகை கட்ட முடியாமல் தவிக்கும் ஒரு குடும்பத்துக்காக ஜெபித்துவிட்டு, சமாதானத்தோடே போங்கள் என்று அனுப்பிவைக்கிறோம். இப்படி அனுப்புவதால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்டது நம்மைத்தான்.

குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கை செய்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொன்னவரும் அதே யாக்கோபு. ஆகையால் இந்த லெந்துவில் ஆண்டவரிடம் மட்டும் அறிக்கை செய்து எழுந்துவிட முடியாது. யாரிடம் சொன்னோமோ அவர்களிடமும் போக வேண்டும். ஒவ்வொரு சபையிலும் போன வருஷத்து ஜெபக்குறிப்பு நோட்டு ஒன்று ஆலய அலமாரியில் கிடக்கும். புதிதாக ஒரு பெயரையும் எழுதுவதற்கு முன் அதை எடுத்து, ஆளுக்கு ஐந்து பெயராகப் பிரித்துக்கொண்டு, கமிட்டி அங்கத்தினர் முதல் வாலிபர் வரை வீடு வீடாகப் போவோம். அந்த விடுபட்ட தெருவிலிருந்து தொடங்குவோம். 'உங்களுக்காக ஜெபிக்கிறோம்னு சொன்னோம்மா, ஜெபிக்காமலே விட்டுட்டோம். மன்னிச்சுக்கோங்க. இப்ப எப்படி இருக்கீங்க?' என்று கேட்போம். சிலர் சிரித்துக்கொண்டு, அதெல்லாம் சரியாப்போச்சு ஐயா, உட்காருங்க என்பார்கள். சிலர் வேறு சபைக்குப் போயிருப்பார்கள். அங்கேயும் தேடிப் போவோம். சிலர் இறந்துபோயிருப்பார்கள். அந்த வீட்டாரிடம் இதைச் சொல்லத்தான் மிகவும் கஷ்டமாக இருக்கும். அங்கேயும் போவோம்.